இரண்டு போட்டிகளுக்கு நடுவில் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

“விம்பிள்டன் போன்ற போட்டிகளில் பார்க்கிறோம், அப்புறம் காணாமல் போய்விடுகிறார்கள். ஒரு போட்டி முடிந்து அடுத்தது வரும்வரை தொழில்முறை டென்னிஸ் வீரர்கள் என்ன செய்வார்கள்? லீவா, தினமும் பயிற்சியா? அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது. இது வேலை நாள், இது விடுமுறை நாள் என்று மற்ற உத்தியோகங்களில் ஒரு கோடு இருக்கிறதே, அது இந்தத் தொழிலில் எங்கே விழுகிறது? நான் பார்த்தவரையில் அந்தக் கோட்டைப் போடுவது தோல்விதான். அதை விளக்கினால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

நான் பிசியோதெரபி படித்தவன். பதினான்கு வருடமாகச் சென்னையில் டென்னிஸ் ஆடுபவர்களோடுதான் என் வேலை. வருடத்தில் எட்டுப் பத்து வாரம் அவர்களோடு வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் போவேன். தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து என் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். எல்லாரும் உலகத் தரவரிசையில் 200-க்கும் 900-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆண்கள். முதல் 20 இடங்களில் இருப்பவர்களின் அன்றாடத்தை உள்ளிருந்து பார்த்தவன் இல்லை. பெண்கள் ஆடும் போட்டிகளிலும் எனக்குப் பழக்கம் குறைவு. கீழே எழுதுவதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமான ஒரு வாரப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் 32 பேர் ஆடுவார்கள். திங்கள், செவ்வாயில் முதல் சுற்று, ஞாயிறன்று இறுதி ஆட்டம். 31 பேர் தோற்றுவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். அதில் 16 பேர் முதல் சுற்றோடு சரி. செவ்வாய் காலையில் தோற்றவனுக்கு அடுத்த போட்டிவரை ஆறு நாள் கிடைக்கிறது. ஞாயிறு மாலை கோப்பையை வாங்கியவனுக்குக் கிடைப்பது ஓரிரவு. சில வேளை அதே உடுப்போடு விமான நிலையத்துக்கு ஓட வேண்டியிருக்கும். நன்றாக ஆடினால் ஓய்வு குறையும், மோசமாக ஆடினால் ஓய்வு நீளும். இடைவெளி எத்தனை நாள் என்பது கடைசிப் புள்ளி விழும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பி வரும் டிக்கெட்டை முன்கூட்டிப் போட மாட்டார்கள், அல்லது தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். அறையை இரண்டிரண்டு நாளாக நீட்டிக்கொண்டு போவார்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் “வந்துவிடுகிறேன்” என்று வாக்குக் கொடுக்க முடியாது.

எப்போது தோற்போம் என்பது தெரியாதே தவிர, அடுத்து எங்கே ஆடப்போகிறோம் என்பது முன்பே முடிவாகியிருக்கும். விம்பிள்டனைப் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களுக்கு ஆறு வாரம் முன்பே பெயர்ப் பதிவு முடிந்துவிடும். இரண்டாம் அடுக்கான சாலஞ்சர் போட்டிகளுக்கு ஏறக்குறைய மூன்று வாரம். அதற்கும் கீழே, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளுக்கு 18 நாள். இன்று தோற்று வந்து உட்கார்ந்திருப்பவன், மூன்று வாரத்துக்கு முன்னால் நல்ல மனநிலையில் இருந்தபோது கொடுத்த பெயரைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறான். துனிசியாவின் மொனஸ்டிர், துருக்கியின் அந்தாலியா போன்ற ஊர்களில் அதே விடுதியை ஒட்டிய அதே மைதானங்களில் வாரா வாரம் 15,000 டாலர் போட்டிகள் (மொத்தப் பரிசுப் பணமே அவ்வளவுதான்) தொடர்ந்து நடக்கும். அங்கே தோற்றால் வீட்டுக்குத் திரும்புவதில் அர்த்தமில்லை. மறுநாள் தன்னைப் போலவே தோற்ற ஒருவனைப் பிடித்து, கோர்ட் காலியாகும் நேரம் பார்த்து ஆட வேண்டும். குளியலறையில் துணி அலசி பால்கனியில் காயப்போட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் “அடுத்த வாரம் டபுள்ஸுக்குப் பார்ட்னர் வேண்டும்” என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் கூடப் போன பையன்களில் பாதிப் பேர் பெட்டியில் சின்ன எலெக்ட்ரிக் குக்கர் வைத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ஒருவன் அறையில் சோறு வெந்தால், தயிரும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வந்துவிடுவார்கள். தரவரிசையில் ஒருவரையொருவர் முந்தப் போராடுபவர்கள்தான் அந்த நாலு பேரும்.

சம்பளம் என்று கேட்டீர்கள். மாதச் சம்பளம் கிடையாது. 15,000 டாலர் போட்டியில் பட்டம் வென்றவனுக்குக் கிடைப்பது 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்றவனுக்கு 156 டாலர். பல நாடுகளில் அதிலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். விமான டிக்கெட்டும், பெரும்பாலான இடங்களில் அறை வாடகையும் சொந்தக் கை. சுமித் நாகல் 2023-இல் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்தபோது, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு பயிற்சியாளரை உடன் அழைத்துப் போவதற்கே ஆண்டுக்கு 80 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் ஆகிறது, பிசியோ அதில் சேர்த்தியில்லை என்றார். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் மாதச் சம்பளம் அவருக்கு இருந்தது, பயணச் செலவுக்கு ஓர் அறக்கட்டளை உதவியது, அப்படியும் அந்த நிலை. அந்த வருடத் தொடக்கத்தில் பணமில்லாததால், ஜெர்மனியில் தான் பல வருடம் பயிற்சி பெற்ற இடத்துக்கே அவரால் போக முடியவில்லை. நீங்கள் கேட்கும் ‘நடுவில் உள்ள நாட்கள்’ எப்படிப் பறிபோகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் கஜகஸ்தானின் பூப்லிக்கை வென்று இரண்டாம் சுற்றுக்குப் போனதில் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் சாலஞ்சரை வென்று முதல் 100-க்குள் நுழைந்தார்.

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு 2024 முதல் ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் வைத்திருக்கிறது. தொடங்கியபோது முதல் 100 இடங்களுக்கு ஆண்டுக்கு 3,00,000 டாலர், 101–175-க்கு 1,50,000, 176–250-க்கு 75,000 என்று வரம்பு வைத்தார்கள். பரிசுப் பணம் அதற்குக் கீழே போனால் மீதியை அமைப்பு தரும். அது நல்ல காரியம். ஆனால் 251-ஆம் இடத்தில் இருப்பவனுக்கு எதுவும் இல்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கிளப் அணிகளுக்கிடையே லீக் ஆட்டங்கள் உண்டு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள். கோடையில் இரண்டு போட்டிகளுக்கு நடுவே வரும் ஞாயிற்றுக்கிழமையில் ரயிலேறிப் போய் ஒரு கிளப்புக்காக ஆடி, அடுத்த மாதத்து அறை வாடகையைச் சம்பாதிப்பவர்கள் ஏராளம். தொலைக்காட்சியில் அது வராது, தரவரிசைப் புள்ளியும் தராது. ஆனால் பலருடைய வருடத்தைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

இனி ஊருக்கு வந்த நாட்கள். நம் ஆட்டக்காரர்கள் வீடு திரும்பக் காரணம் பெரும்பாலும் களைப்பு இல்லை, விசா. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்கு 90 நாள்தான் அங்கே இருக்கலாம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை களிமண் தரை, புல்தரை, மறுபடி களிமண் தரை என்று போட்டிகள் அங்கேயே குவிந்திருக்கும்போது அந்தக் கணக்கு இடிக்கும். அடுத்த விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் அது திரும்பி வரும்வரை வேறெங்கும் நகர முடியாது. ஒரு ஐரோப்பிய ஆட்டக்காரன் தன் உடம்பைக் கேட்டு ஓய்வு நாளைத் தீர்மானிக்கிறான். நம் பையனுக்கு அதைத் தீர்மானிப்பது ஒரு விசா அதிகாரி. பதினாறு வயதில் ஆடத் தொடங்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பயிற்சியைத் திட்டமிடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திட்டமிடுங்கள்.

வந்த முதல் இரண்டு நாள் நான் யாரையும் தொடுவதில்லை. தூங்கட்டும், அம்மா சமையல் சாப்பிடட்டும். நேர மாற்றத்துக்கு உடம்பு பழக, ஒரு நேர மண்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது கடினம், அதனால் ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வருபவன் மூன்று நான்கு நாள் மந்தமாகத்தான் இருப்பான். மூன்றாம் நாள் மேசைமேல் படுக்க வைத்து அளவெடுப்பேன். சர்வ் போடும் தோளில் உள்பக்கச் சுழற்சி எத்தனை டிகிரி குறைந்திருக்கிறது, முழங்கையை ஒட்டிவைத்து வெளிப்பக்கம் தள்ளும் பலம் எவ்வளவு, இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புகிறது, ஒற்றைக் காலில் குந்தி எழும்போது முழங்கால் உள்ளே சாய்கிறதா. வருடக்கணக்கில் சர்வ் போட்ட யாருக்கும் இரண்டு தோளும் ஒரே மாதிரி இருக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நான் ஒப்பிடுவது அவனுடைய போன மாத அளவோடு மட்டும்தான். அதற்காகவே ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

இந்த இடைவெளியில் செய்யும் சிகிச்சைகளில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமூக ஊடகங்களில் ஐஸ் தொட்டிப் படங்களைப் பார்த்து நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். தூக்கம், போதுமான சாப்பாடு, படிப்படியாகக் கூட்டும் பளு, இந்த மூன்றும் உறுதி. ஐஸ் தண்ணீரில் உட்காருவது வலியைக் குறைக்கும், அதனால் நாளையே மறுபடி ஆட வேண்டும் என்றால் பயன்படும். ஆனால் பலம் கூட்டுவதற்காக ஜிம்மில் எடை தூக்கும் வாரத்தில், தூக்கி முடித்ததுமே வழக்கமாக ஐஸில் உட்கார்ந்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் ஊரில் இருக்கும் நாட்களில் நான் அதை அனுமதிப்பதில்லை. காலில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தப் பூட்ஸ், கப்பிங், வண்ண வண்ண டேப் எல்லாம் சுகமாக இருக்கிறது என்று சொல்வார்கள். சுகம் தருவதற்கும் ஒரு மதிப்பு உண்டு, அதற்குமேல் என்னால் சொல்ல முடியாது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வலிக்கு முழு ஓய்வு கொடுப்பது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து நாள் சும்மா இருந்தால் வலி போகும், ஆடிய முதல் நாளே திரும்பி வரும். தசைநாணுக்கு அளவான பளு வேண்டும்.

பளுவைப் பற்றி ஒரு சூத்திரம் சில வருடம் முன்பு எல்லார் வாயிலும் இருந்தது. இந்த வாரப் பளுவைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். அந்த எண் அவ்வளவு உறுதியானது இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் மறுத்திருக்கிறார்கள், நானும் இப்போது அதை வேதமாக எடுத்துக்கொள்வதில்லை. எண் சந்தேகம், ஆனால் திடீரென்று கூட்டினால் உடம்பு முறியும் என்பது சந்தேகமில்லை. அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருவன் விசாவுக்காகப் பதினொரு நாள் மட்டையைத் தொடாமல் இருந்தான். பாஸ்போர்ட் வந்தது, போட்டிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று நாளுக்கு மூன்று மணி நேரம் கோர்ட்டில், அதில் நூறு நூற்றைம்பது சர்வ். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. நான்காம் நாள் சர்வ் போடக் கையைத் தூக்கியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வயிற்றுத் தசை கிழிந்து ஆறு வாரம் போயிற்று. அதிலிருந்து எந்த இடைவெளியிலும், பாஸ்போர்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பது சர்வாவது போட வைத்துவிடுகிறேன். சென்னைக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்காலில் ஏற்பட்ட எலும்பு விரிசல்களால் இளமையின் நல்ல வருடங்களை இழந்து, பிறகு திரும்பி வந்து 2019 ஏப்ரலில் 75-ஆம் இடத்தைத் தொட்டார். ஒவ்வொரு முறை யாரையாவது அவசரப்படுத்தத் தோன்றும்போதும் நான் நினைத்துக்கொள்வது அவரைத்தான்.

நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து உண்மையான வேலை. காலை ஆறரைக்குக் கோர்ட், ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும். பதினொன்றுக்கு ஜிம், மாலை நாலரைக்கு மறுபடி கோர்ட். போட்டி வாரத்தில் செய்ய முடியாத கனமான எடைப் பயிற்சியும் ஓட்டமும் இங்கேதான். ஆட்டத்தில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றாலும், சர்வில் பந்தைத் தூக்கிப்போடும் இடமோ ஃபோர்ஹேண்ட் பிடியோ, அதற்கும் இந்த நாட்கள்தான். புதிய பழக்கம் உடம்பில் படிய வாரங்கள் வேண்டும், இவர்களுக்குக் கிடைப்பதோ பத்து நாள். பல பேருடைய பேக்ஹேண்ட் கடைசிவரை சரியாகாமல் போவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. சென்னையில் இன்னொரு சிக்கல், யாரோடு அடிப்பது? தன் தரத்தில் ஆடுபவர்கள் அந்த வாரம் உலகத்தின் ஏதோ மூலையில் இருப்பார்கள். அதனால் எதிர்ப்பக்கம் இரண்டு ஜூனியர் பையன்களை நிறுத்தி ஒருவனே ஆடுவான். இல்லாவிட்டால் கிளப்பில் இருக்கும் மார்க்கர்கள். பந்து பொறுக்க வந்து, உறுப்பினர்களோடு அடித்து அடித்தே ஆட்டம் கற்றுக்கொண்ட அந்த மனிதர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாற்பத்தைந்து வயதிலும் ஒரு மணி நேரம் பந்தை ஒரே இடத்தில் விழ வைக்கிற மார்க்கர்களை எனக்குத் தெரியும். இந்த ஊரின் வெயிலும் ஈரக்காற்றும் ஒரு விதத்தில் சொத்து. வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். ஏப்ரலில் இங்கே இரண்டு வாரம் ஆடியவன் வெயில் கொளுத்தும் எந்த ஊருக்குப் போனாலும் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பான். சில வாரம் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாலைக்குப் பிறகு நரம்பு வேலை. ராக்கெட்டுக்குப் புது நரம்பு போடுவதை இங்கே ‘கட்டிங்’ (gutting) என்போம். ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர் வேண்டும், 200 மீட்டர் ரீல் ஒன்றில் பதினாறு முறை போடலாம். இப்போது எல்லாரும் ஆடும் பாலியஸ்டர் நரம்பு கட்டிய சில மணி நேரத்திலேயே இறுக்கத்தை இழக்கத் தொடங்கும், அதனால் முதல் நாள் இரவுதான் போட வேண்டும். காசு மிச்சம் பிடிக்கச் சிலர் சின்ன மெஷின் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

தரவரிசையில் மேலே இருப்பவர்கள் இடைவெளியைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதுதான் பெரிய வித்தியாசம். 2017-இல் ஃபெடரர் மயாமி போட்டிக்குப் பிறகு களிமண் தரைப் பருவம் முழுவதையும் விட்டுவிட்டு, ஜூனில் புல்தரைக்கு வந்து, ஒரு செட்கூட இழக்காமல் விம்பிள்டனை வென்றார். 400-ஆம் இடத்தில் இருப்பவன் பத்து வாரம் ஆடாவிட்டால் அந்த இடமே இருக்காது. புள்ளிகள் 52 வாரத்துக்குத்தான் உயிரோடு இருக்கும், போன வருடம் இதே வாரம் வாங்கியது இந்த வருடம் உதிர்ந்துவிடும். வீட்டில் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே முப்பது இடம் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பவர்களுக்கும் தனித் தொல்லைகள் உண்டு. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருப்பவர்கள், ஆடினாலும் ஆடாவிட்டாலும், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் தடைதான். ஸ்வீடனின் மிக்கேல் யமர் அப்படி 2023-இல் 18 மாதத் தடை வாங்கி, ஆட்டத்தையே விடுவதாக அறிவித்தார், தடை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

அந்த வயிற்றுத் தசைப் பையனின் வீட்டுக்கு, அவன் மறுபடி கிளம்பும் நாளில் தோளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போவது என் வழக்கம். பெட்டியில் ஆறு ராக்கெட், குக்கர், அவன் அம்மா திணித்த பருப்புப் பொடி. வழக்கமாக நம் வீடுகளில் ஊருக்குப் போகிற பிள்ளையிடம் “சீக்கிரம் வந்துடு” என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மாவும் முதல் வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சீக்கிரம் வந்தால் தோற்றுவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம் என்பது புரிந்த பிறகு மாற்றிக்கொண்டார். இப்போது வாசலில் நின்று சொல்வது, “மெதுவா வாப்பா.”